சாம்பல் கூன்வண்டு: குடையா, வேப்பங்கரைசலா, மருந்தா?

செம்பருத்தி இலையின் விளிம்பு மட்டும் பல் பல்லாக அரிபட்டிருந்தால் அது பெரும்பாலும் கம்பளிப்புழு அல்ல, சாம்பல் கூன்வண்டு. ரோஜா, காகிதப்பூ எதையும் விடாது. நமக்கு இது உள்ளூர்ப் பூச்சி. இதன் இலங்கைக் கிளையினமோ 2000-இல் ஃபுளோரிடாவில் தென்பட்டு, அங்கே அலங்காரச் செடிகளை அரிக்கும் அந்நியப் பூச்சியாகிவிட்டது.

செலவில்லாதது குடை. வெயில் ஏறுமுன் குடையை விரித்துக் கவிழ்த்துச் செடிக்கடியில் பிடித்து, கிளையைத் தட்டுங்கள். அதிர்ந்ததும் கீழே விழுந்து செத்ததுபோல் கிடப்பது இதன் பழக்கம். அப்படியே சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடலாம். பத்துச் செடி வரை இதுவே போதும்; நீள வேலிக்குக் கை ஓய்ந்துவிடும்.

வேப்பங்கொட்டைக் கரைசலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லிட்டருக்கு 50 கிராம் பருப்புத்தூள், இரவு முழுக்க ஊறல், துணியில் வடிகட்டல், பிறகு 1 கிராம் காதி சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் இலையில் ஒட்டாமல் வழிந்தோடும். கொட்டை 3 மாதத்துக்குக் குறையாமலும் 8 மாதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஆடியில் பொறுக்கியதை ஐப்பசி முதல் பங்குனி வரை பயன்படுத்தலாம். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். மறுநாளும் வண்டு நடமாடினால் பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இது பெரும்பாலும் கொல்வதில்லை, தின்னவிடாமல் செய்கிறது. 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் தெளிப்பதெல்லாம் வீண், கழுவிக்கொண்டு போய்விடும்.

இரண்டுக்கும் ஒரே குறை: இந்த வண்டின் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்கிறது. அதற்குச் செடிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கைத் தூரைச் சுற்றிக் கொத்திவிடுங்கள். அல்லது பூச்சியைத் தாக்கிக் கொல்லும் பூஞ்சையான மெட்டாரைசியத்தின் தூள் 50 கிராமை 5 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். அந்தப் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். தெளிப்புக்கு ஆகாத மழைக்காலம் இதற்கு ஏற்றது. தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. பூஞ்சாணக்கொல்லியைக் கூடவே ஊற்றினால் இரண்டு காசும் போச்சு.

ரசாயன மருந்து? வண்டு உடனே விழும், சரி. கூடவே மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சாகும்; பிறகு அதே செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பும். சாமிக்குப் பறிக்கிற, எண்ணெய் காய்ச்சுகிற செடிக்கு எங்கள் கணக்கில் இது வேண்டாம். குடையும் புண்ணாக்கும் முதலில். வேலி நீளமென்றால் பனிக்காலத்தில் கரைசல்.