ஒரே வீடு, இரண்டு நாட்டு வரி: இலண்டன் அக்காவும் டொரண்டோ தம்பியும்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்த அப்பா, ஹட்டனில் சொந்தமாக வீடு கட்டினார். மேல்மாடியை அக்காவுக்கும் கீழ்வீட்டைத் தம்பிக்கும் எழுதி வைத்தார். இருவரும் வெளிநாடு போய்விட்டார்கள். ஆளுக்கு மாதம் 60,000 ரூபா வாடகை. வாங்கி வங்கியில் போடுவது நான்.

வீடு இங்கே இருப்பதால் வாடகைக்கு முதலில் வரி கேட்கும் உரிமை இலங்கைக்குத்தான். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லாத வருமான அளவு, ஆண்டுக்கு 1,800,000 ரூபா. வெளிநாட்டில் வசித்தாலும் இலங்கைப் பிரஜைக்கு அது உண்டு. இவர்கள் ஒவ்வொருவரின் ஆண்டு வாடகை 720,000 அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பாகத்திலும் குடும்பங்கள்தான் இருக்கின்றன. ஒரு கம்பனிக்குக் கொடுத்தால், வெளிநாட்டில் இருப்பவரின் வாடகையில் 14% நிறுத்திவைத்தல் வரியைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். அதனால் குடும்பத்துக்குக் கொடுப்பதே நல்லது என்பேன்.

இங்கே கட்டும் வரியைப் போன நாட்டு வரியில் கழிக்கலாம். இங்கே கட்டவில்லை என்றால் அங்கே கழித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. முழு வரியும் போன நாட்டில்தான்.

அக்கா இலண்டனில் நேர்ஸ். புதிதாகக் குடியேறியவர்களுக்கு, 2025 ஏப்ரல் 6 முதல், முதல் நான்கு வரியாண்டுகளில் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விலக்குக் கேட்கலாம். கேட்டதும் இனிக்கும். ஆனால் அதைக் கேட்டால் 12,570 பவுண் தனிநபர் விலக்குப் போய்விடும். 20% வரி கட்டும் சம்பளக்காரருக்கு அது 2,514 பவுண் நட்டம். கேட்காமல் விட்டால்? பவுணுக்கு 420 ரூபா என்று வைத்தால் ஆண்டு வாடகை ஏறக்குறைய 1,714 பவுண். சொத்து வருமானத்துக்குத் தரும் 1,000 பவுண் கழிவு போக, மிச்சத்துக்கு 143 பவுண் அளவில் வரி. அக்காவை அந்த நான்கு ஆண்டு விலக்குப் பக்கமே போகவேண்டாம் என்று சொன்னேன். ஜனவரி 31க்குள் கணக்குக் கொடுத்தால் சரி.

கனடாவில் தம்பிக்கு அந்த 1,000 பவுண் போன்ற கழிவு கிடையாது. திருத்த வேலை, ஆதன வரி (ஹட்டனில் வீட்டுக்குக் கட்டும் உள்ளூராட்சி வரி) போன்ற செலவுகள் போக மிச்ச வாடகை சம்பளத்தோடு சேரும். மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் வரி. வெளிநாட்டுச் சொத்துக்களின் அடக்கவிலை 100,000 டொலரைத் தாண்டினால் டி1135 படிவமும் வேண்டும். குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் தேவையில்லை. பிந்தினால் நாளுக்கு 25 டொலர், 2,500 வரை தண்டம். அடக்கவிலை என்பது அப்பா கட்டிய செலவு அல்ல, தம்பி கனடாவில் குடியேறிய நாளில் வீட்டின் சந்தை விலை. பிறகு விற்றால் இலாபத்தையும் அதிலிருந்துதான் கணக்கிடுவார்கள். பயணத்துக்கு முன்பே விலை மதிப்பீட்டாளரிடம் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை, இப்போது பழைய தேதிக்கு மதிப்பீடு எழுதித் தர ஆள் தேடுகிறேன்.

வரியளவில் அக்காவின் நிலை இலேசு. தம்பிக்கு இன்னொன்றும் வருகிறது: கனடாப் பிரஜாவுரிமை. அதை எடுத்து, இலங்கையில் இரட்டைப் பிரஜாவுரிமை வாங்காவிட்டால் 1,800,000 நிவாரணம் இல்லை. 6% வீதத்தில் 43,200 ரூபா வரை இங்கே வரி வரலாம். அதைக் கனடா வரியில் கழிக்கலாம் என்பதால் காசு பெரிதல்ல. ஆனால் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948 சட்டத்தால் எங்கள் தாத்தா பிரஜாவுரிமை இழந்தவர். அவருடைய பேரன் அதைத் தானாக விடுவதை என்னால் தாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழ் பிரதியை நேற்று எடுத்தாயிற்று.

ஆதன வரியை ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10% கழிவு. அதை நான் பார்த்துக்கொள்வேன்.