வாய், கால், சாப்பாடு: மரபுத்தொடர் அட்டைப் பெட்டி ஒன்றின் மதிப்புரை

சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காக இந்த அட்டைப் பெட்டியை வாங்கினேன். வாய், கால், சாப்பாடு என்று மூன்று கட்டுகளாகப் பிரித்த 90 அட்டைகள். விலை 350 ரூபாய். முன்பக்கத்தில் தொடரும் அதற்கொரு படமும், பின்பக்கத்தில் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் உள்ளன. மூன்று மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் அனைவரும் கூடி இதை விளையாடி வருகிறோம்.

வாக்கியங்களை எழுதியவருக்குத் தமிழ்க் குடும்பப் பேச்சு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ‘கால்கட்டு’ என்பதற்குத் திருமணம் என்று பொருள் தந்ததோடு நில்லாமல், “வேலை கிடைத்துவிட்டது, இனி இவனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட வேண்டியதுதான்” என்று எழுதியிருப்பதால், அதை யார், யாரைப் பற்றி, எந்த வயதில் சொல்வார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. ஆனால் படங்கள் சொற்களை அப்படியே வரைந்துவிடுகின்றன. ‘வாயும் வயிறுமாக இருத்தல்’ அட்டையில் ஒரு பெண் இலை நிறையச் சோறு உண்கிறாள். பின்பக்கத்தைத் திருப்பும் வரை அது கருவுற்றிருப்பதைக் குறிக்கிறது என்று என் மகளுக்குத் தெரியவில்லை.

படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், பொருளே பிழையாக இருப்பதை ஏற்க முடியாது. ‘காலை வாரிவிடுதல்’ என்பதற்கு ‘கேலி செய்தல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் காலை இழுப்பதுதான் கேலி. தமிழில் காலை வாரிவிடுபவர், நம்பி நின்றவரை வேண்டிய நேரத்தில் கவிழ்த்துவிடுகிறவர். ஆங்கில வழியில் படிக்கும் சென்னைப் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஏற்கெனவே குழப்பிக்கொள்ளும் நிலையில், அதைத் தெளிவாக்க வேண்டிய அட்டையே குழப்பத்தைக் கூட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

வாயையும் காலையும் தனித்தனிக் கட்டுகளில் வைத்ததால் ஓர் அருமையான உறவும் விடுபட்டுப் போயிற்று. கால் தவறி விழுகிறோம், வாய் தவறிச் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் வினை ஒன்றே. ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்று தொடங்கும் 127ஆம் குறள் நாவைக் காக்காதவர் ‘சொல்லிழுக்கு’ப் பட்டுத் துன்புறுவர் என்கிறது; இழுக்குதல் என்றால் வழுக்குதல் என்றும் பொருள். 415ஆம் குறளோ, வழுக்கு நிலத்தில் நடப்பவருக்கு ஊன்றுகோல் உதவுவதுபோல ஒழுக்கமுடையவரின் வாய்ச்சொல் உதவும் என்று காலையும் வாயையும் ஒரே உவமையில் சேர்த்துவிடுகிறது. இதைக் காட்ட இரண்டு அட்டைகள் போதுமாயிருக்கும்.

மூன்றிலும் சிறந்தது சாப்பாட்டுக் கட்டு. பொதுச் சொத்தை அபகரிப்பதை ‘ஏப்பம் விடுதல்’ என்கிறோம். சொல்லவும் மறைக்கவும் முடியாத செய்தியை ‘மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்’ வைத்திருக்கிறோம். ‘கை நனைத்தல்’ அட்டை வந்த இரவில், என் மாமியார் விளையாட்டை நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேசத் தொடங்கினார். “பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டோம்மா” என்று அவர் பேத்தியிடம் சொன்னபோது, ஒருவர் வீட்டில் உண்பது உறவுக்கு ஒப்புக்கொள்வதாகும் என்பது அவளுக்குப் புரிந்தது. அட்டையில் ‘உணவு உண்ணுதல்’ என்ற இரண்டு சொற்களே பொருளாக இருந்தன.

சென்னையில் அன்றாடம் காதில் விழும் ‘வாயாலேயே வடை சுடுதல்’ இப்பெட்டியில் இல்லை. அட்டைகள் மெல்லியவை, ஓரங்கள் அதற்குள் மடங்கிவிட்டன. இருந்தாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு, அதிலும் தாத்தா பாட்டி உடனிருக்கும் வீட்டிற்கு, இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ‘காலை வாரிவிடுதல்’ அட்டையின் பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, சரியான பொருளை என் மகளே எழுதி வைத்திருக்கிறாள்.