நடுமேசையில் ஒரு வடைத்தட்டு: யாழ். பேருந்து நிலையத்தருகே ஒரு சைவக்கடை

யாழ்ப்பாணம் மத்திய பேருந்து நிலையத்துக்கு அண்மையிலுள்ள இந்தச் சைவக்கடையின் உணவைப் பற்றி மட்டும் எழுதுவதாயின் அதிகம் சொல்வதற்கில்லை. காலை எட்டு மணிக்கு முன் சென்றால் இடியப்பமும் சொதியும் மிக நன்று. பத்து மணிக்குப் பின் சொதி ஆறிவிடும், சம்பலும் முடிந்துவிடும். கை கழுவும் இடம் இன்னும் துப்புரவாக இருக்கலாம். ஆயினும் நான் இக்கடையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அங்கு ஆட்களை இருத்தும் முறையே.

கீழ்த்தளத்தில் நீண்ட மேசைகளும் வாங்குகளும்தான் உண்டு. தனியே வருபவரை, இடமிருக்கும் மேசையில், முன்பின் அறியாத ஒருவருக்கு எதிரே இருத்திவிடுவார்கள். உட்கார்ந்ததும், கேட்காமலே, உளுந்து வடையும் பருப்பு வடையும் போளியும் அடுக்கிய தட்டொன்று நடுவில் வந்துவிடும். உண்டதற்கு மட்டுமே காசு. இலங்கைத் தேநீர்க்கடைகளில் இது பழைய வழக்கம்தான். ஆனால் இங்கே ஒரே தட்டிலிருந்து இருவரும் எடுப்பதால், கணக்கெழுத வருபவர் "ஐயா, நீங்கள் எத்தனை எடுத்தனீங்கள்?" என்று கேட்கும்போது, எதிரே இருப்பவரையும் ஒருமுறை பார்த்து, இருவருமாகக் கணக்கை நேர்செய்ய வேண்டியிருக்கிறது. பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். இவ்வாறு வடை எண்ணிய ஒரு காலையில், குறிகட்டுவான் பேருந்துக்காகக் காத்திருந்த புங்குடுதீவுப் பெரியவர் ஒருவர் என் தொழிலை விசாரித்தறிந்து, பையிலிருந்த பழைய காணி உறுதியை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்து, "தம்பி, இந்தக் கையெழுத்து உங்களுக்கு விளங்குமோ? கனடாவிலை இருக்கிற பிள்ளையளுக்கு விளங்கேல்லை" என்றார். பரப்பும் குளியுமாக எழுதப்பட்ட அளவுகள், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை, நான்கு எல்லைகள் என நெருக்கமான எழுத்தில் நான்கு பக்கங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதையே புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்றும் நடைமுறையில் இருப்பதால், முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என வகைபிரிந்த சொத்துகளின் உறுதிகளைப் பொறுமையாக வாசிப்பவருக்கு இங்கே தேவை நிறைய இருக்கிறது. அந்த ஓர் உறுதியின் மொழிபெயர்ப்பைப் பார்த்த உறவினர்கள் மற்றவர்களிடம் சொல்ல, முன்பு நான் தேடியே போயிராத இந்த வேலை இன்று என் வருமானத்தில் கணிசமான பங்காகிவிட்டது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு பக்கம் போதனா வைத்தியசாலை, மறுபக்கம் கடைவீதி, தீவகம் முதல் வலிகாமம் வரை போகும் பேருந்துகள்; 25 நாள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவோரும் சேர்ந்துகொள்வார்கள். வேறெங்கும் ஒரே மேசையில் அமர வாய்ப்பில்லாதவர்கள் இங்கே பிளேன்ரீ முடியும்வரை எதிரெதிரே இருக்கிறார்கள். பெரும்பாலான பேச்சு வெயிலோடும் பேருந்து நேரத்தோடும் முடிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். காப்புறுதி முகவர் எவரேனும் எதிரே அமர்ந்துவிட்டால் தப்புவது கடினம்.

யாரோடும் பேச விரும்பாதவர்கள் மாடிக்குச் செல்லலாம். அங்கே குளிரூட்டியும் இருவர் அமரும் மேசைகளும் உண்டு; வடையைத் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்.