டிஸ்னிக்கு எப்போது போவது? கொரோனா ஆண்டுகள் தந்த வாய்ப்புகள், ஓர் ஒப்பீடு

2020 மார்ச் நடுவில், இரண்டு நாள் இடைவெளிக்குள் அமெரிக்காவின் இரண்டு டிஸ்னி கேளிக்கைப் பூங்கா வளாகங்களும் கதவடைத்தன. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 14ஆம் தேதியே மூடியது. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 15ஆம் தேதி இரவோடு நிறுத்திக்கொண்டது. அதன்பின் இரண்டும் வெவ்வேறு வழியில் போயின. ஃப்ளோரிடா நான்கே மாதத்தில் திறந்தது. கலிபோர்னியா 2021 ஏப்ரல் 30 வரை திறக்கவில்லை. பிள்ளைகள் உள்ள வீடுகளிலோ அடுத்த இரண்டு ஆண்டும் ஒரே பேச்சுதான்: இப்போது போகலாமா, இன்னும் பொறுக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்கும் மாதங்களில்தான் பலர் டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஓர்லாண்டோவுக்குப் பயணத்தை வைத்துக்கொள்வார்கள். அதாவது, ஒரே காரில் மூன்று வயதுப் பேரனும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவும் போவார்கள். ஒருவருக்குச் சரியான நேரம் மற்றவருக்குச் சரிப்படாது.

அந்தக் காலத்து வாய்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடமான உண்மை தெரிகிறது. பூங்காவில் கூட்டம் இல்லாதபோது யாருக்கும் தடுப்பூசி இல்லை. எல்லோருக்கும் தடுப்பூசி கிடைத்தபோது கூட்டம் முழுதாகத் திரும்பிவிட்டது. இரண்டும் ஒத்துவந்த நாட்கள் சொற்பம். ஆகவே நாள் குறிக்கும் முன்பு, வீட்டில் மிகக் குறைந்த பாதுகாப்போடு இருப்பவர் யார் என்று பார்த்து, அவரை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

2020 ஜூலை: திறந்ததும் போவது

அதே ஊரில் வேறு நிறுவனம் நடத்தும் பூங்காவான யுனிவர்சல் ஓர்லாண்டோ ஜூன் 5 அன்றே திறந்துவிட்டது. டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் மேஜிக் கிங்டமும் அனிமல் கிங்டமும் ஜூலை 11, எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டூடியோஸும் ஜூலை 15. இடையில் ஜூலை 12 அன்று ஃப்ளோரிடா ஒரே நாளில் 15,300 புதிய தொற்றுகளை அறிவித்தது. அதுவரை எந்த அமெரிக்க மாநிலமும் ஒரு நாளில் அவ்வளவு கண்டதில்லை. செய்தியைப் பார்த்தவர்களுக்கு இந்த நேரத்தில் திறப்பதே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் உள்ளே நிலவரம் வேறாக இருந்தது. முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மாஸ்க். வரிசையில் ஆறடிக்கு ஒரு கோடு, சில ரைடுகளில் இருக்கைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு. நடந்துகொண்டே தின்பதற்கும் குடிப்பதற்கும் தடை வந்தது. ரைடில் மாஸ்க்கைக் கழற்றினால், அங்கே எடுக்கும் நினைவுப் படத்தைத் தரமாட்டார்கள். மாஸ்க் இல்லாமல் சற்று உட்கார்ந்து மூச்சுவிடத் தனி இடங்கள் ஒதுக்கினார்கள். ஊர்வலம் இல்லை, வாணவேடிக்கை இல்லை, மிக்கியைக் கட்டிப்பிடிக்க முடியாது. இதற்கெல்லாம் ஈடாக, மற்றக் கோடைகளில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டிய ரைடுகளில் சில நிமிடங்களில் ஏற முடிந்தது.

அந்தக் கோடையில் பூங்காவிலிருந்து பெரிய அளவில் தொற்று பரவியதாக அதிகாரிகள் அறிவிக்கவில்லை. போய்வந்தவர்கள் இதைத்தான் பெரிய ஆதாரமாகச் சொல்வார்கள். நான் இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். வந்தவர்கள் பல மாநிலங்களுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். அறிகுறி தெரிய நாளாகிறது. அதற்குள் விமானம், விடுதி, உணவகம் என்று எத்தனையோ இடம் கடந்திருப்பார்கள். எங்கே தொற்றியது என்று யார் சொல்ல முடியும்? உண்மையில் திறந்தவெளியில் ஓடும் ரோலர் கோஸ்டரைவிட, எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாப்பிடும் மூடிய உணவகம்தான் ஆபத்தானது. ரைடுகளைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குப் பலர் சாப்பாட்டு இடத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து சொந்தக் காரில் போய், கையில் கொண்டுபோனதைத் திறந்தவெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பும் இளம் தம்பதிக்கும், எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் இது நியாயமான தேர்வுதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூடாது. இரண்டு வயதுக் குழந்தை இருந்தாலும் வேண்டாம் என்பேன்: ஃப்ளோரிடாவின் ஜூலை வெயிலில் அந்த வயதுக் குழந்தை முகத்தில் மாஸ்க்கை நாள் முழுக்க நிற்கவைப்பது குழந்தைக்கும் கொடுமை, பெற்றவர்களுக்கும் கொடுமை.

2021 மே: கலிபோர்னியாவின் குறுகிய நல்ல காலம்

கலிபோர்னியாக்காரர்களுக்கு முதல் பதின்மூன்று மாதம் முடிவெடுக்கும் வேலையே இல்லை; மாநில அரசு அவர்களுக்காக முடிவெடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் டிஸ்னிலேண்டின் கார் நிறுத்துமிடம் ஒன்று தடுப்பூசி மையமாகவே மாறியது. ஏப்ரல் 30 அன்று திறந்தபோது கொள்ளளவில் 25 சதவீதம்தான் அனுமதி, மாநிலத்தில் வசிப்பவர்கள் மட்டும், மாஸ்க் கட்டாயம். அந்த மாநிலத்தில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஏப்ரல் 15 முதல் ஊசி கிடைத்தது. மே நடுவில் 12 முதல் 15 வயதினருக்கும் வந்துவிட்டது. தொற்றும் அப்போது அங்கே மிகக் குறைந்திருந்தது.

ஆக, மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் 15 வரை, ஊசி போட்ட பெற்றோர், அளவான கூட்டம், மாஸ்க் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன. இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். ஜூன் 15 அன்று வெளிமாநிலத்தவருக்கும் கதவு திறந்தது, மாஸ்க் விதியும் தளர்ந்தது. டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு கைக்கு எட்டவே இல்லை.

2021 கோடை, ஓர்லாண்டோ: மனம் தயார், பிள்ளைகள் தயாரில்லை

பல குடும்பங்கள் இதைத் தேர்ந்தெடுத்தன. மோசமான தேர்வும் இதுதான். டிஸ்னி வேர்ல்டில் மே 15 முதல் வெளியே மாஸ்க் தேவையில்லை. ஜூன் 15 முதல் ஊசி போட்டவர்களுக்கு உள்ளேயும் தேவையில்லை. போட்டதற்குச் சான்று எதுவும் கேட்கவில்லை. ஜூலை 1 அன்று மேஜிக் கிங்டம் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை திரும்பியது. பார்த்தவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலவே இருந்திருக்கும்.

பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை ஆண்டு வீட்டுக்குள் அடைந்து, இரண்டு டோஸும் போட்டு, சான்று அட்டையைப் பத்திரப்படுத்திய பிறகு வரும் நிம்மதி பெரிது. ஆனால் அந்த நிம்மதி பெற்றோர் கையில் ஏறிய ஊசியால் வந்தது. பயணம் யாருக்காகவோ, அந்த ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஊசியே அப்போது இல்லை. அவர்களைச் சுற்றி நின்றவர்களின் மாஸ்க்கும் போய்விட்டது. அதே நேரத்தில் டெல்டா வந்தது. ஜூலை 30 முதல் டிஸ்னி மறுபடியும் கட்டடங்களுக்குள் எல்லோருக்கும் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது; ஆகஸ்டில் ஃப்ளோரிடா மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகள் அதுவரை இல்லாத எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். 2020 கோடையில் போனவர்களுக்கு ஊசி இல்லாவிட்டாலும் கண்டிப்பான விதியாவது இருந்தது. 2021 கோடையில் போன சிறு பிள்ளைகளுக்கு இரண்டுமே இல்லை.

தாத்தா பாட்டி இந்தக் கணக்கில் வரவே இல்லை. மே 4 முதல் இந்தியாவிலிருந்து அமெரிக்கா வருவதற்குக் கட்டுப்பாடு; பெரும்பாலானவர்களால் விமானம் ஏற முடியவில்லை.

2021 நவம்பருக்குப் பிறகு

ஒரே வாரத்தில் மூன்று கதவுகள் திறந்தன. நவம்பர் 2 அன்று 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபைசர் ஊசி பரிந்துரையானது. நவம்பர் 3 அன்று கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. நவம்பர் 8 முதல், அந்த நிறுவனம் ஏற்ற ஊசியைப் போட்ட வெளிநாட்டவர் அமெரிக்கா வரலாம் என்றார்கள். கோவிஷீல்டு போட்டவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. கோவாக்சின் போட்டுக்கொண்ட பெற்றோரை உடையவர்கள் அந்த ஐந்து நாளில் எப்படிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. டோஸ்களுக்கு நடுவே 21 நாள், இரண்டாவதற்குப் பின் இரண்டு வாரம். முதல் நாளே போட்டிருந்தாலும் பிள்ளைக்கு முழுப் பாதுகாப்பு டிசம்பர் முதல் வாரம் தாண்டித்தான். டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் முதல் ஒமைக்ரான் தொற்று உறுதியானது. கிறிஸ்துமஸ் வாரம் பூங்காக்களில் ஆண்டின் உச்சக் கூட்டம். பள்ளி விடுமுறை என்பதற்காக அந்த வாரத்தைப் பிடித்தவர்கள் அலை ஏறும் நேரத்தில் போய் நின்றார்கள். 2022 பிப்ரவரி கடைசிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே போனவர்கள் நிதானமாகப் பார்த்தார்கள். அலை தணிந்திருந்தது, மார்ச்சில் பகல் ஊர்வலம் திரும்பியது, ஏப்ரல் 18 முதல் மிக்கியைக் கட்டிப்பிடிக்கலாம்.

பொறுத்தவர்கள் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏறுவதற்கு முன்பு இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் போய், 2021 அக்டோபரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் கட்டணத்தில் ஜீனி பிளஸ் வந்தது. நான்கு பேருக்கு நாளைக்கு 60 டாலர். இருந்தாலும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் உள்ள வீட்டுக்கு இந்தத் தேர்வைத்தான் நான் சொல்வேன்.

நாட்டுக்கு நாடு ஆபத்தின் முகமும் மாறியது. 2021 அக்டோபர் 31 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்டில், முன்தினம் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் வாசலை மூடி, உள்ளே இருந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பரிசோதனை செய்த பிறகே வெளியே விட்டார்கள். அங்கே போகிறவர்கள் நோயோடு, வீடு திரும்ப முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

ஐந்து வயதுக்குக் கீழே

இவர்களுக்கு ஊசி 2022 ஜூன் 18 அன்றுதான் வந்தது. மாடர்னா என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். ஃபைசர் என்றால் மூன்று டோஸ், முடிய பதினொரு வாரம். மூன்று வயதாகும் முன் போனால் டிஸ்னியில் குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்பதற்காகவே அவசரப்பட்ட பெற்றோர் உண்டு. அந்த வயதில் போன பயணம் குழந்தைக்கு நினைவில் நிற்பதில்லை. மிச்சமாவது ஒரு டிக்கெட் காசு. கைக்குழந்தை மட்டும் உள்ள வீடாக இருந்தால், மூன்றாவது டோஸ் முடிந்து, கோடைக் கூட்டமும் கலைந்து, வெயிலும் தணியும் 2022 அக்டோபருக்குத்தான் நாள் குறித்திருப்பேன்.