ராக் சக்கர் பிரஸ், மூன்று வருஷம் கழித்து

டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜ் மூலையில் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் சுப்ரீம் மூன்று வருஷமாக நிற்கிறது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அடியிலிருக்கும் பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெளியே தள்ளி, கூட்டை மறுபடி அளவுக்கு இறுக்கி, புதுப் பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் திரும்பத் தோட்டாவாக்குகிற பிரஸ் இது. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பார்க்கிற நம்மவர்கள் இரண்டு மூன்று பேர் "எந்த பிரஸ் வாங்கலாம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டுவதற்குப் பதிலாக இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு மறுநிரப்பல் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே தடை இருக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஊரில் உரிமம் இல்லாமல் இதைச் செய்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான், விளையாட்டில்லை.

சரி, பிரஸ். கனமான வார்ப்பிரும்பு, ஆங்கில 'ஓ' எழுத்து மாதிரி மூடிய சட்டம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு டை (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு). 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹன்டிங்டன் தொடங்கிய கம்பெனி ஆர்சிபிஎஸ். ராக் சக் என்பது அங்கே மலைப்பக்கம் திரியும் ஒரு வகைப் பெரிய அணில் இனம், அதைச் சுடுவதற்கான குண்டு செய்கிற டை விற்றுத்தான் ஆரம்பித்தார்கள், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கைப்பிடியை இறக்கினால் ஆட்டம் அசைவு எதுவும் இல்லை. நான் இரண்டரை இன்ச் மரப்பலகையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன், பலகைதான் முனகுகிறது, பிரஸ் முனகவில்லை. மூன்று வருஷத்தில், கூட்டை டைக்குள் தூக்கும் ராம் தண்டுக்கு எண்ணெய் விட்டதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை.

இதோடு புகழ்ச்சியை முடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் பிரஸ்ஸைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் வீடியோ பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டவன் நான், கடைசியில் பார்த்தால் தோட்டா நன்றாக வருவதும் வராததும் பிரஸ்ஸில் பெரிதாக இல்லை, அதில் மாட்டுகிற டையை எப்படித் திருகி நிறுத்துகிறோம் என்பதிலும் எதை வைத்து அளக்கிறோம் என்பதிலும்தான் இருக்கிறது.

நான் நிரப்புவது 308 வின்செஸ்டர் என்கிற ரைஃபிள் தோட்டா. கூட்டை அளவுக்கு இறுக்கும் சைஸிங் டையோடு வந்த தாளில், ராமை முழுக்க மேலே தூக்கி, டை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகி, பிறகு ராமை இறக்கி இன்னும் அரைக்கால் முதல் கால் சுற்று திருகு என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் அழகாக இறங்கியது, எனக்கும் ஏக திருப்தி. நாலாவது தடவை நிரப்பும்போது கூட்டின் அடிப்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிய பளபளப்பான ஒரு வளையம் தெரிந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரை ஒட்டி இழுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் பள்ளத்தில் தட்டுப்படுகிறது. கூடு அங்கே மெலிந்துவிட்டது, இன்னும் ஒன்றிரண்டு முறை சுட்டிருந்தால் துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்திருக்கும்.

அப்புறம்தான் ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டர் வாங்கினேன். வெர்னியர் காலிப்பரில் மாட்டுகிற ஒரு சின்ன அலுமினியத் துண்டுதான், அடியிலிருந்து தோள்பட்டை (கூடு கழுத்தாக ஒடுங்கும் இடம்) வரை கூடு எவ்வளவு நீளம் என்று காட்டும். சுட்ட கூடு 1.632 இன்ச். என் டையில் போய் வந்த கூடு 1.622. தோள்பட்டையை இன்ச்சில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பின்னே தள்ளினால் போதும் என்கிற இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் பத்து தள்ளியிருக்கிறேன், சுடும்போது அது பத்தும் நீண்டு திரும்ப வந்திருக்கிறது. பித்தளை எத்தனை முறைதான் தாங்கும்?

இங்கே கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் வேலை சுலபம். டையின் மரை இன்ச்சுக்கு 14. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு டை 0.071 இன்ச் நகரும், அரைக்கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.009. ஊரில் ஆசாரிகள் நூல் கணக்குப் பேசுவார்களே, அந்த ஒரு நூல் எட்டில் ஒரு இன்ச். இங்கே நாம் சண்டை போடுவது அந்த நூலில் அறுபதில் ஒரு பங்கோடு. டையின் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, பிரஸ்ஸில் ஒரு கோடு. அரைக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே திருப்பினேன், ஒரு கூட்டை இறுக்கினேன், அளந்தேன், 1.629. கோட்டின் தடிமன் அளவுக்கு இன்னும் கொஞ்சம் திருப்பினேன், 1.631. திரும்ப ஒரு மயிரிழை உள்ளே. நாலாவது கூட்டில் 1.630 வந்ததும் ஒரு கூட்டை டைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டையை அந்த இடத்தில் பூட்டும் லாக் ரிங்கை முறுக்கினேன். அன்றிலிருந்து அந்த ரிங்கைத் தளர்த்தவே இல்லை, டையைக் கழற்றும்போதும் ரிங்கைப் பிடித்துத்தான் கழற்றுவேன். உங்கள் துப்பாக்கிக்கு என் எண் பொருந்தாது, அதை உங்கள் கூட்டை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கூடு மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், அது முழுக்க என் தப்பு. முதல் வாரம், அவசரம், ஒரு கூட்டுக்கு மெழுகு பூச மறந்து டைக்குள் ஏற்றிவிட்டேன். பாதியில் கைப்பிடி கல் மாதிரி நின்றது. இறங்கவும் மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பலமாக இழுத்தேன், விளிம்பு கிழிந்து ஷெல் ஹோல்டர் மட்டும் கையோடு வந்தது, கூடு டைக்குள் உட்கார்ந்துவிட்டது. பிரைமர் துளை வழியாக டிரில் போட்டு, டேப் வைத்து மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுத்து வெளியே எடுக்க ஒரு முழு சாயங்காலம் போனது. கைத்துப்பாக்கித் தோட்டாவின் கார்பைட் டைக்கு மெழுகு வேண்டாம், கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்குக் கண்டிப்பாக வேண்டும். இப்போது விரல் நுனியில் சந்தனம் தொடுகிற மாதிரி தொட்டு உடம்பில் மட்டும் தடவுகிறேன், தோள்பட்டையில் அதிகம் போனால் அங்கே நெளிந்துவிடும்.

தராசு விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மருந்தை அளக்கிற கிரெய்ன் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம், தட்டாரின் குன்றிமணியில் பாதிதான். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்க வேண்டும். ஆன்லைனில் மலிவாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம், ஏசி காற்று பட்டாலே எண் நடனமாடும், அரை மணி நேரத்தில் 0.3 கிரெய்ன் நகர்ந்திருந்தது. சோதனை எடைக்கல் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் மாட்டிக்கொண்டது. நாற்பது கூட்டிலும் போட்ட மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். மேஜையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும் என்பதால் எது எதில் போகும் என்ற குழப்பம் இல்லை. இப்போது பிரஸ் கிட்டோடு வந்த பீம் தராசுதான், மெதுவானது, மின்சாரம் கேட்காது, பொய் சொல்லாது. எவ்வளவு மருந்து என்று என்னைக் கேட்காதீர்கள், ஹாட்ஜ்டன், லைமன், ஹார்னடி கையேடுகள் இருக்கின்றன, அதில் குறைந்த அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.

குண்டைக் கூட்டில் உட்கார வைக்கிற சீட்டிங் டையில் ஒரே ஒரு எச்சரிக்கை: அதற்குள்ளேயே வாயை மடிக்கிற பகுதியும் இருக்கும். டை கூட்டின் வாயைத் தொட்டதும் ஒரு சுற்று வெளியே எடுத்து ரிங்கைப் பூட்டிவிட்டு, ஆழத்தை மேல் தண்டால் மட்டும் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் தோள்பட்டை பிதுங்கும், தோட்டா அறைக்குள் போகாது. 308-க்கு மொத்த நீளம் 2.810 இன்ச்சைத் தாண்டக் கூடாது, கூடு 2.015-ஐத் தாண்டினால் வெட்ட வேண்டும்.

கூட்டைத் துகளோடு போட்டுச் சுத்தம் பண்ணுகிற டம்ளர் மெஷின் எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் அந்தத் தூசியில் ஈயம் இருக்கும், வீட்டுக்குள் வேண்டாம். வால்நட் துகளைச் சலிக்கச் சமையலறைச் சல்லடையை எடுத்த நாளில் வீட்டில் எனக்கு விழுந்த அர்ச்சனை நியாயமானது, அந்தச் சல்லடை இப்போது கராஜ்வாசி.

இந்த பிரஸ் யாருக்கு வேண்டாம் என்றால், வாரத்துக்கு முந்நூறு நானூறு 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டா சுடுபவர்களுக்கு. ஒவ்வொரு கூட்டையும் நாலு தடவை கையில் எடுக்க வேண்டும், எனக்கு ஐம்பது தோட்டாவுக்கு ஒரு முழு மாலை ஆகிறது. அவர்களுக்கு லீ கிளாசிக் டரட் நல்லது, நாலு டையும் ஒரே தட்டில் நிற்கும், செட் பண்ணியது அப்படியே இருக்கும். டில்லன் 550 இன்னும் வேகம், விலையும் அப்படியே. ஆனால் வேகம் கூடும்போது கண்ணும் கூட வேண்டும்: 308 கூட்டில் வழக்கமான ரைஃபிள் மருந்தை இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும், 9 எம்எம் கூட்டில் பல மருந்துகள் இரண்டு பங்கும் சத்தமில்லாமல் உள்ளே உட்காரும். குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பாருங்கள்.

மிச்சம் பிடிக்க இதில் இறங்குவதாக யாராவது வீட்டில் சொல்லியிருந்தால், பில்லை ஒளித்துவையுங்கள். ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறையும், ஆனால் இரண்டு மடங்கு சுடுவீர்கள். எனக்கு அடுத்து, நீண்டுவிட்ட கூட்டை வெட்டுகிற ஒரு நல்ல டிரிம்மர் வேண்டும், கையால் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வலிக்கிறது. மோட்டார் வைத்தது எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.