பழைய வால்வு அம்பிளிபயரைத் திருத்தக் கொடுக்கிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏ9 வீதியில் இருக்கிற ஒரு கடை என்பதோடு நிறுத்துகிறேன். நடந்ததை மட்டும் முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் மயிரிழையில் தப்பியிருக்கிறான்.

சாமான் பெரியப்பாவின் வொக்ஸ் ஏசி30 என்ற கிற்றார் அம்பிளிபயர். கோயில் பாட்டுக்குழுவில் கிற்றார் வாசித்தவர் அவர். 1990இல் வன்னிக்குக் கரண்ட் நின்றதோடு அந்தப் பெட்டிக்கும் வேலை இல்லாமல் போனது. றேடியோ கேட்கவே சைக்கிள் டைனமோ சுற்றிய காலத்தில் இதற்கு எங்கே போவது? யாரோ ஒரு லொறிக்காரரின் தயவில் வவுனியாவில் மாமி வீட்டுக்குப் போய், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. கிளிநொச்சியில் இருந்திருந்தால் வீட்டோடு சேர்ந்து அதுவும் போயிருக்கும். பெரியப்பா கடைசி வரைக்கும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன வருடம் கொண்டுவந்து பின்பலகையைக் கழற்றினேன். ட்ரான்ஸ்போமருக்கு மேல் குளவிக் கூடு, எல்லா இடத்திலும் கிறவல் தூசி, ஆனால் சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய்களான நாலு இஎல்84 வால்வும் உடையாமல் நின்றன. கண்ணாடியின் அடியில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், சாம்பல் நிறத்தில் சின்னக் குறியீடு பொறித்திருந்தது. இரண்டாவது வரி ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது மல்லார்ட் கம்பனி இங்கிலாந்தில் பிளாக்பேர்ன் தொழிற்சாலையில் செய்த வால்வு. அந்த வால்வுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க ஆள் தேடுகிறார்கள்.

கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், கொடுக்கவும் இல்லை. இவ்வளவு காலம் சும்மா கிடந்தால், கரண்டைச் சேர்த்து வைக்கிற பெரிய கப்பாசிற்றர்களுக்குள் இருக்கிற இரசாயனம் காய்ந்துபோகும், உள்ளே இருக்கிற மெல்லிய ஒக்சைட் படலமும் பழுதாகும். அந்த நிலையில் 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் கப்பாசிற்றர் வெடிக்கலாம், கூடவே ட்ரான்ஸ்போமரும் எரியலாம்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். “அதெல்லாம் பாப்பம் தம்பி, நாங்கள் எத்தினை பெட்டி பாத்திருப்பம்” என்றபடியே, நான் வாய் மூட முதல் பிளக்கைச் செருகிவிட்டார். ஒரு கருகல் மணம் வந்தது. அந்த இடத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மூன்று கிழமை கழித்து 45,000 ரூபா கட்டி எடுத்தேன். ‘கப்பாசிற்றர் எல்லாம் புதுசு, வால்வு நாலும் செத்துப்போச்சு, புதுசு போட்டிருக்கு’ என்று பற்றுச்சீட்டில் எழுதியிருந்தது. பழைய வால்வுகளைத் தாருங்கள் என்றேன், வீசிவிட்டாராம். வாசித்துப் பார்த்தபோது கம்பியில் கை வைத்தால் சுள்ளென்று இழுத்தது. “பழைய சாமான், கொஞ்சம் இழுக்கும்” என்றார். இழுக்கவே கூடாது, கொஞ்சமும் கூடாது.

நத்தார் பாட்டுப் பயிற்சிக்குக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். தங்கச்சியின் மகன் கிற்றாரைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தான், அப்படியே பின்னால் விழுந்தான். மண்டபத்தில் ட்ரிப் சுவிட்ச் இருந்ததால் அந்தக் கணமே கரண்ட் நின்றது. உதட்டில் காயத்தோடு தப்பினான். எங்கள் பக்கத்தில் எத்தனை மண்டபத்தில், எத்தனை வீட்டில் ஒழுங்கான ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அப்புறம் எங்கள் ஊரில் முந்தி றேடியோ திருத்திய ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளக்கைத் தொடவே இல்லை. முதலில் ஒரு ரெசிஸ்ரரைக் கப்பாசிற்றரின் இரண்டு கால்களிலும் பிடித்து, மீற்றரில் பூச்சியம் வரும்வரை பார்த்தார். இந்தப் பெட்டிக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றினாலும் அது கப்பாசிற்றரில் தங்கி நிற்கும், ஆளைக் கொல்லும் என்றார். பிறகுதான் ஒவ்வொன்றாகக் காட்டினார். பவர் ட்ரான்ஸ்போமருக்குப் போகிற லைவ் வயரின் ரப்பர் உறை வெடித்து, செம்பு வெளியே வந்து, இரும்புச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எர்த் இருந்தால் பியூஸ் எரியும், ட்ரிப் விழும், அதுதான் நடக்க வேண்டியது. கடைக்காரர் என்ன செய்திருக்கிறார் என்றால், எர்த் வயரைப் பிளக்குக்குள்ளேயே வெட்டிக் கறுப்பு ரேப் சுற்றிவிட்டார், கண்ணாடிப் பியூஸுக்கு மேல் செம்பு இழை சுற்றிவிட்டார். சட்டம் முழுக்க லைவ், அதிலிருந்து கிற்றார் வயர் வழியாகக் கம்பிக்கு, கம்பியிலிருந்து பிள்ளையின் கைக்கு.

கப்பாசிற்றர்களும் பழசுதான், துடைத்துப் புது உறை மாட்டியிருந்தார். வால்வுகளின் அடியில் அந்தக் குறியீடு இல்லை.

ஐயா வயரை மாற்றி, எர்த்தைச் சட்டத்தில் திருகாணி போட்டு இறுக்கி, கப்பாசிற்றர்களைப் புதிதாகப் போட்டார். கரண்ட் கொடுத்தபோதும் நேரடியாகக் கொடுக்கவில்லை, பழைய 100 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டார். உள்ளே ஷோர்ட் இருந்தால் குமிழ் பளீரென்று எரிந்துகொண்டே நிற்கும். எங்களுடையது ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. ஸ்பீக்கர் கழற்றிய நிலையில் வால்வு அம்பிளிபயரை வாசிக்காதே, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரியும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே கொடுக்க முதல் உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுங்கள், வால்வின் அடிக் குறியீட்டையும் சேர்த்து. நான் எடுக்காததால் இன்று கடையில் போய்க் கேட்க என்னிடம் ஆதாரம் இல்லை. கழற்றிய பழைய பாகம் எல்லாம் எனக்கு வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். எடுக்கும்போது பிளக்கின் எர்த் காலுக்கும் சட்டத்துக்கும் மீற்றர் பிடியுங்கள், ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும்.

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் யாராவது நாலு பழைய மல்லார்ட் இஎல்84 விற்க வந்தால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். பெரியப்பாவின் வால்வு ஒன்றில் மல்லார்ட் என்ற எழுத்து பாதி அழிந்து, கடைசி மூன்று எழுத்து மட்டும் வெள்ளையில் நிற்கும்.