மயில்கழுத்துக்கு ஆர்.சி. புக்கில் என்ன நிறம்?

என் வெள்ளைக் காரின் பானெட்டில் பெயிண்ட் உரிய ஆரம்பித்ததும் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். மேஸ்திரி ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "முழுசா அடிச்சிரலாங்க. வேற கலர்னா இப்பவே சொல்லிருங்க, புக்குல மாத்தணும்" என்றார். கூட வந்த என் மகன் போனை நீட்டினான். பட்டனைத் தொட்டால் நிறம் மாறுகிற கார். மேஸ்திரி பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் புக்குல என்னன்னு எழுதுவாங்க தம்பி?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. தேடிப் பார்த்தால், 'நிறம் மாறும் பெயிண்ட்' என்ற ஒரே பெயரில் நாலு வேறு வேறு சரக்கு உலவுகிறது. நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அனுமதிக்கலாமா, கூடாதா' என்று கேட்பதால்தான் வாதம் முடிவதே இல்லை. நிறத்தை மாற்றுவது யார் என்று பார்த்தால் நாலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

முதலாவது, பார்க்கிற கண் மாற்றுவது. பெயிண்டில் கலந்திருக்கும் மெல்லிய துகள்கள், ஒளி விழும் கோணத்துக்குத் தக்கபடி வெவ்வேறு நிறத்தைத் திருப்பி அனுப்புகின்றன. போர்டு நிறுவனம் 1996இல் மஸ்டாங் கோப்ரா காரில் 'மிஸ்டிக்' என்ற பெயரில் இதை அடித்து விற்றது. பச்சை, ஊதா, பொன் என்று ஓடும். நமக்கு இது புதிதே இல்லை. சேலத்துக்குப் பக்கத்தில், இளம்பிள்ளையில் எந்தச் சேலைக் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள்: பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடித்தால் நீலம், விரித்தால் பச்சை. மயில்கழுத்து. அதை யாரும் இரண்டு சேலை என்று சொல்வதில்லை. ஆர்.சி. புக்கிலும் அப்படி ஒரு பெயரை எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. இந்த பெயிண்ட் எதையும் மறைக்கவில்லை, எப்போதும் ஒரே மாதிரிதான் மாறிக்கொண்டிருக்கிறது. சாட்சி சொல்பவர்கூட 'வெள்ளை கார்' என்பதைவிட 'மினுமினுன்னு மயில்கழுத்து' என்று சொன்னால் போலீசுக்கு வேலை சுலபம். வெள்ளை கார் என்று தேடினால் சேலம் அஸ்தம்பட்டி சிக்னலிலேயே பத்து நிற்கும்.

இரண்டாவது, வெயில் மாற்றுவது. சூடு ஏறினால் நிறம் இழந்து, அடியில் இருக்கும் நிறத்தைக் காட்டும் சாயம். இந்த வகைச் சாயங்களில் பரவலாகக் கிடைப்பது 31 டிகிரி வாக்கில் மாறுவது. இதை அடித்துக்கொண்டு மே மாதம் சேலத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோரிமேட்டிலேயே அது மாறி முடித்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டுப் பனிக்குள் நுழையும்போது பழைய நிறத்துக்குத் திரும்பும். முழுசாகவும் திரும்பாது, மலை ஏறி வந்த எஞ்சின் சூட்டில் பானெட் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். அடிவாரத்தில் பார்த்தவரும் ஏரிக்கரையில் பார்த்தவரும் சத்தியம் செய்து இரண்டு நிறம் சொல்வார்கள். ஆனால் இதைத் தடை செய்ய யாரும் மெனக்கெட வேண்டாம். இந்தச் சாயத்துக்குப் புற ஊதாக் கதிர் ஆகவே ஆகாது. நம் ஊர் வெயில், சட்டம் வருவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கட்டிவிடும். காசு வீண், அவ்வளவுதான்.

மூன்றாவது ஸ்டிக்கர், அதாவது வண்டி முழுக்க ஒட்டும் பிலிம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாற்றுவது உரிமையாளர், மாற்ற இரண்டு மூன்று நாள் ஆகும், பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம். கூரையும் பானெட்டும்தான் முதலில் வெளுக்கும். நிறம் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை நினைவில் வைத்து ஆர்டிஓவில் பதிந்துகொள்ள வேண்டும். மிலிட்டரிப் பச்சை மட்டும் கூடாது. அது ராணுவ வண்டிகளுக்கு என்று 1989 விதிகளிலேயே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

நாலாவதுதான் என் மகன் காட்டியது. ஓட்டுபவர் மாற்றுவது. பிஎம்டபிள்யூ 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டிய ஐஎக்ஸ் புளோ வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியது. அடுத்த வருஷம் கொண்டுவந்த ஐ விஷன் டீ 32 நிறம் காட்டியது. உடம்பில் 240 துண்டுகள், ஒவ்வொன்றையும் தனியாக இயக்கலாம். உண்மையில் இது பெயிண்டே இல்லை. மின்புத்தகம் படிக்கும் கருவியில் இருக்கிற அதே மின்தாளை வண்டிக்குப் போர்த்தியிருக்கிறார்கள். ஐஎக்ஸ் புளோவில் நுண்ணிய குமிழிகளுக்குள் மின்னேற்றம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மாறும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும். வெயிலில் வெள்ளையாக்கி, குளிரில் கறுப்பாக்கி ஏசி செலவைக் குறைக்கலாம் என்கிறார்கள். சேலத்துக்காரனுக்கு இது ஆசை காட்டும் வாதம்தான், மறுக்க மாட்டேன்.

ஆனாலும் ஓடுகிற வண்டியில் இதற்கு அனுமதி கூடாது என்பேன். நம்பர் பிளேட் இருக்கிறதே, கேமரா இருக்கிறதே, நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கட்டும். மேல் வளைவிலிருந்து கீழே பார்த்தால் தெரிவது வண்டியின் கூரை மட்டும்தான். பிளேட் தெரியாது. 'அந்தச் சிவப்பு வண்டி ஏறி வரட்டும், அப்புறம் இறங்கலாம்' என்று நிறத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்ற விதியே அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. சிவப்பாகப் பார்த்த வண்டி வளைவு திரும்பும்போது நீலமாக வந்தால், இன்னொரு வண்டி பின்னால் வருகிறது என்று நினைத்துக் காத்திருப்போம். உரசிவிட்டு ஓடுபவனுக்கோ, அடுத்த வளைவுக்குள் வேறு வண்டியாகிவிடும் வசதி. நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் மாறட்டும், மாறியது வண்டியிலேயே பதிவாகட்டும் என்றால் பேசிப் பார்க்கலாம். அதுவும் இந்தக் கார் விற்பனைக்கு வந்த பிறகு.

இன்னொன்று, மலைப்பாதையில் பஸ் உரசாமல் யார் வண்டி தப்பித்திருக்கிறது? மின்தாளில் பட்டி போட்டுத் தேய்க்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "துண்டையே மாத்தணும்னு நெனைக்கிறேங்க" என்றார், கொஞ்சம் பயத்தோடு.

என் வண்டிக்கு வெள்ளையே அடித்தாயிற்று. ஏற்காட்டுப் பனியில் அது கண்ணுக்கே தெரியாது என்பது எனக்கும் தெரியும். வெயிலுக்குப் பயந்து எடுத்த முடிவு. மகனின் முகம் தொங்கிப்போனதால் இரண்டு பக்கக் கண்ணாடி மூடிக்கு மட்டும் மயில்கழுத்து ஸ்டிக்கர். "இவ்வளவுக்கெல்லாம் புக்குல ஏத்த வேண்டாங்க" என்றார் மேஸ்திரி.